டெப்ரிவேஷன்: ‘இழப்பு’ பொருந்தாது, ‘கிட்டாமை’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

வருமானத்தை மட்டும் பாராமல் பல வகையில் வறுமையை அளக்கும் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணுக்கான சொற்பட்டியலில், டெப்ரிவேஷனுக்கு, அதாவது ஓர் அடிப்படைத் தேவை இல்லாத நிலைக்கு, ‘இழப்பு’ என்று போட்டிருக்கிறோம். தயவுசெய்து அதை மாற்றுவோம். கொழும்பில் வினாக்கொத்துகளைத் தமிழாக்குவது என் வேலை. போன கிழமை ஒரு கேள்வியை மஸ்கெலியாவில் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிற அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்: “உங்கள் வீட்டலகு குடிநீரில் இழப்புற்றுள்ளதா?”

“இருந்தாத்தானே புள்ள தொலைக்கிறதுக்கு? எங்க லயத்துக்குப் பைப்பே வரலயே” என்றார்.

இழப்பு என்றால் முன்பு இருந்து பிறகு போனது. ‘பற்றாக்குறை’ கொஞ்சம் இருந்து போதாமல் போவது. இந்தச் சுட்டெண் கேட்பது இரண்டையும் அல்ல. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களும் ஐ.நா. அபிவிருத்தித் திட்டமும் 2010இல் கொண்டுவந்த முறையில் சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் என்று 3 பரிமாணங்கள், 10 குறிகாட்டிகள். ஒவ்வொன்றிலும் வீடு கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் பார்த்து, கோட்டுக்குக் கீழே இருப்பவற்றை நிறையிட்டுக் கூட்டுகிறார்கள். அந்தக் கூட்டு மொத்த நிறையில் மூன்றிலொரு பங்கை எட்டினால் அது வறிய வீடு.

குடிநீரையே எடுங்கள். பாதுகாப்பான தண்ணீருக்குப் போய்வர 30 நிமிடமோ அதற்கு மேலோ நடக்க வேண்டியிருந்தால் அந்த வீடு கோட்டுக்குக் கீழே. தோட்டத்தின் மேற்பிரிவான எங்கள் மேல்கணக்கு லயத்திலிருந்து, தண்ணீர் பிடிக்கும் பீலி கூப்பிடு தூரம்தான். இறங்க 5 நிமிடம், நிறைகுடத்தோடு ஏற 20. வெயில் நாளில் கேட்டால் தப்பிவிடுவோம். மழைக்குப் படி வழுக்கும் நாளில் தப்பமாட்டோம். மலையில் தூரத்தை ஏற்றமும் சுமையுமே தீர்மானிக்கின்றன. காத்மாண்டுவில் ஒருங்கிணைந்த மலை அபிவிருத்தி மையத்தில் பணியாற்றிய பொருளியலாளர் என்.எஸ்.ஜோதா, மலைப்பகுதிகளின் தனித்தன்மைகளில் எளிதில் போய்ச்சேர முடியாமையையும் ஒன்றாகச் சொன்னார். இமயமலைப் பக்கத்தை வைத்துச் சொன்னது எங்கள் பீலிக்கும் பொருந்துகிறது.

அதனால்தான் கிட்டாமை. கிட்டுதல் என்றால் பெறுதல், நெருங்குதலும்தான். ‘கிட்ட’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே வேர். கிட்டாமைக் குறிகாட்டி, கிட்டாமைப் புள்ளி, கிட்டாமை வெட்டுப்புள்ளி என்று தடங்கலில்லாமல் வருகிறது. ‘கிடைக்காமை’யில் பெறுதல் மட்டும் உண்டு, நெருக்கம் இல்லை. ‘எட்டாமை’ நல்ல சொல்தான். ஆனால் கை குட்டை என்று வீட்டுக்காரரையே குறை சொல்வதுபோல் எனக்குக் கேட்கிறது.

சொல் சரியாக அமைவது முக்கியம். 2016இல் செலவை வைத்துக் கணக்கிட்டபோது நாட்டில் 4.1 வீதம், தோட்டத்துறையில் 8.8 வீதம் வறுமை. 2019 தரவில் பல்பரிமாணமாகப் பார்த்தபோது தோட்டத்துறையில் பாதிக்குமேல். அந்தப் பாதிப்பேர் தங்கள் நிலையைத் தமிழில் வாசிக்கும்போது எதையோ தொலைத்தவர்களாகத் தெரியக்கூடாது.

*

வணக்கம் அக்கா,

வேர் விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் கிட்டாததை வெட்டென மறக்கச் சொல்லும் முதுமொழிதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. ‘போகட்டும்’ என்கிற மனநிலை அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே? ‘மறுக்கப்படல்’ என்றால் யாரோ மறுத்தார்கள் என்பதாவது தெரியும்.

*

தம்பி, மறுத்தவர் யார் என்று கேட்க வேண்டும்தான். ஆனால் அது அறிக்கையில் வர வேண்டியது. வினாக்கொத்தோடு லயத்து வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அது தெரியாது. பைப் வந்ததா இல்லையா என்பது தெரியும். முதுமொழியைப் பற்றி நானும் இரண்டு நாள் யோசித்தேன். மறக்காமல் இருக்கத்தானே இவ்வளவு வீடுகளிலும் ஏறி இறங்கி எழுதி வைக்கிறோம்?

இன்டென்சிட்டிக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. வறிய வீடுகளில் சராசரியாக எத்தனை பங்கு கிட்டாமை என்பது பொருள். ‘தீவிரம்’ நோயைச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘கிட்டாமைச் செறிவு’ என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் வெள்ளிக்கு முன் எழுதுங்கள், வினாக்கொத்து அச்சுக்குப் போகிறது.