மூதாதையர் தேடல் தளம்: மெனு மாதிரியை எப்படிச் சோதிப்பது?

டர்பன்வாசி:
தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியலில் நம் மூதாதையரைத் தேட ஒரு தளம் கட்டுகிறோம். மெனுவில் கப்பல், ஆண்டு, காலனி எண் (வந்த ஒவ்வொருவருக்கும் அரசு கொடுத்த பதிவெண்), தோட்டம் என்று நான்கு தலைப்புகள். ஃபிக்மா என்ற வடிவமைப்புச் செயலியில், தொட்டால் நகரும் மாதிரி தயார். ஐந்து பேரிடம் காட்டிவிட்டு நேராக புரோகிராம் எழுதப் போகிறேன். போதும்தானே?

சாட்ஸ்வர்த் செல்வி:
போதாது அண்ணா. அந்தத் தலைப்புகள் ஆவணக் காப்பகத்தின் சொற்கள். 1860 முதல் 1911 வரை வந்த 1,52,184 பேருக்கும் எண் கொடுத்தார்கள், சரி. வீட்டில் அந்த எண் யாருக்குத் தெரியும்? என் ஆயாவுக்குத் தெரிந்ததெல்லாம் தன் தாத்தாவின் பெயரும் அவர் கரும்பு வெட்டிய இடமும்தான்.

முதலில் படமே வேண்டாம். மெனுச் சொற்களை மட்டும் கிளை கிளையாக எழுதிக் கொடுத்து, "உங்கள் கொள்ளுத்தாத்தா கரையிறங்கியதும் யாரிடம் வேலைக்குப் போனார்? எங்கே தேடுவீர்கள்?" என்று கேளுங்கள். கேள்வியில் 'தோட்டம்' என்ற சொல் வரவே கூடாது. வந்தால் அதே சொல்லைப் பார்த்துத் தொட்டுவிடுவார்கள். எந்தக் கிளையில் நுழைகிறார்கள், எங்கே திரும்பி வருகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ட்ரீ டெஸ்ட் என்பது இதுதான்.

டர்பன்வாசி:
சொல்லை மட்டும் சோதித்தால் கைபேசியில் விரல் எங்கே தடுமாறுகிறது என்று எப்படித் தெரியும்? சின்னத் திரைக்காகத்தான் எல்லாவற்றையும் மூன்று கோட்டு ஐகானுக்குள் வைத்தேன். 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்கு நார்ம் காக்ஸ் வரைந்தது அது. இன்று எல்லா ஆப்பிலும் இருக்கிறது. சோதிக்க ஐந்து பேர் போதும் என்று தளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். 85 சதவீதக் குறைகள் அதிலேயே தெரிந்துவிடுமாம்.

பீனிக்ஸ்காரன்:
அதே கட்டுரையை முழுதாகப் படியுங்கள். 15 பேர் கிடைத்தால் ஐந்தைந்து பேராக மூன்று முறை சோதித்து, நடுவில் திருத்தச் சொல்கிறார். பயனர்கள் வேறு வேறு வகை என்றால் வகைக்கு மூன்று நான்கு பேர் வேண்டும் என்றும் சொல்கிறார். உங்கள் தளத்துக்கு ஆங்கிலம் மட்டும் தெரிந்த பேரப்பிள்ளைகளும் வருவார்கள், எழுபது வயதுப் பாட்டிகளும் வருவார்கள்.

சாட்ஸ்வர்த் செல்வி:
அந்த மூன்று கோட்டால் நான் பட்டது போதும். ஒரு கோயில் தளத்தில் காவடித் தேதியை அதற்குள்தான் வைத்திருந்தார்கள். அம்மா பத்து நிமிடம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "இன்னும் தேதி போடவில்லை" என்று போனைக் கீழே வைத்துவிட்டார். தேதி அங்கேயேதான் இருந்தது. முக்கியமான இரண்டு தலைப்பையாவது வெளியே வையுங்கள் அண்ணா.

டர்பன்வாசி:
சரி, 'பெயர்', 'தோட்டம்' இரண்டும் வெளியே வரும். ஆனால் காலனி எண்ணை எடுக்க மாட்டேன். ஒரே பெயரில் எத்தனையோ பேர், எழுத்தரின் காதில் விழுந்தபடி எழுதிய ஸ்பெல்லிங் வேறு. எண் இல்லாமல் ஆளைப் பிரித்தறிய முடியாது.

சாட்ஸ்வர்த் செல்வி:
எடுக்கச் சொல்லவில்லையே. பெயரைத் தேடியபின் வரும் பக்கத்தில் வையுங்கள்.

டர்பன்வாசி:
அதையும் ட்ரீ டெஸ்டில் போட்டுப் பார்க்கிறேன். அது முடிந்த பிறகுதான் ஃபிக்மா மாதிரியைக் கைபேசியில் கொடுப்பேன். ஞாயிறு மதியம் உங்கள் அம்மா வர முடியுமா?