மறு: தன்தீப்பற்றலா, முன்தீப்பற்றலா? (மூட்சி என்று சொல்லலாமா)

குழுமத்தாருக்கு வணக்கம்.

இன்ஜினுக்குள் எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை தானாகத் தீப்பிடிப்பதற்கு (auto-ignition) இந்த இழையில் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். நேற்றைய மடலில் பேராசிரியர் ஐயா அதற்கு 'முன்தீப்பற்றல்' என்று வைத்துவிடலாம் என்றார். மன்னிக்கவும் ஐயா, அது வேறு நோய். பிளக் பொறி விடுவதற்கு முன்பே, சூடேறிக் கிடக்கும் கரித்துண்டோ வால்வு விளிம்போ கலவையைப் பற்றவைத்தால் அது முன்தீப்பற்றல். நாம் பெயர் தேடுவது, பொறியோ சுடரோ தொடாமல், அழுத்திய சூட்டிலேயே கலவை தானாகப் பற்றுவதற்கு. பெட்ரோல் இன்ஜினில் அது பெரும்பாலும் பொறிக்குப் பிறகுதான் வரும்: சுடர் ஒரு பக்கமிருந்து வந்துகொண்டிருக்க, மூலையில் மிச்சமிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகி அதற்குள் குபீரென்று பற்றிவிடும். புதுப்பேட்டையில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் 'நாக்கிங் அடிக்குது சார்' என்பார், அந்தச் சத்தம் இதுதான்.

'தன்தீப்பற்றல்' பிழையில்லை, ஆனால் பற்றல் ஏற்கெனவே தன்வினை, அதற்கு இன்னொரு 'தன்' எதற்கு? தமிழில் இந்த வேறுபாட்டுக்கென்றே ஒரு சோடி இருக்கிறது. தீயை மூட்டுகிறோம், தீ மூள்கிறது. கலவரம் மூண்டது என்றால் யாரோ கொளுத்திப் போட்டார்கள் என்று பொருளில்லை, உள்ளே புகைந்துகொண்டிருந்தது ஒரு கட்டத்தில் வெடித்தது என்றுதான் பொருள். சிலிண்டருக்குள் நடப்பதும் அப்படியேதான். மீள் மீட்சி ஆவதுபோல், நீள் நீட்சி ஆவதுபோல், மூள் 'மூட்சி' ஆகட்டும். பொறியால் நடப்பது மூட்டல். (மூட்டுவலி நினைவுக்கு வருகிறது என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும்.)

அடுத்தது கால அளவு, அதாவது கலவை சூடானதிலிருந்து தானாகப் பற்றும்வரை ஆகும் நேரம் (ignition delay). 'தீப்பற்றல் தாமதம்' எனக்கு ஒப்பவில்லை, 'சுணக்கம்' அதைவிட மோசம், இரண்டிலுமே குற்றம் சொல்லும் தொனி இருக்கிறது. பொறியில்லாமல் அழுத்திய சூட்டிலேயே பற்றும் டீசலில் அந்த நேரம் நீண்டால்தான் கெடுதல், தெளித்த எரிபொருள் சேர்ந்துகொண்டே போய் மொத்தமாக எரிந்து கடகடக்கும். பெட்ரோலில் அதே நீட்சி நமக்கு நல்லது, சுடர் வந்து சேரும்வரை மூலைக் கலவை பொறுத்திருக்கும். ஆகவே நடுநிலையாக 'மூட்சிக் காலம்' என்போம், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) எந்தக் கோணத்தில் இருக்கும்போது பற்றியது என்பதை 'மூட்சிக் கணம்' என்போம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

இந்தக் காலத்தை முடிவு செய்வதில் எரிபொருளின் மூலக்கூறு வடிவத்துக்குப் பெரிய பங்கு. ஹெப்டேன் நேர்ச் சங்கிலி, சட்டென்று மூளும், அதற்கு ஆக்டேன் எண் (நாக்கிங் வராமல் தாக்குப்பிடிக்கும் அளவு) 0. ஐசோ ஆக்டேன் கிளைவிட்டது, அதில் ஆக்சிஜன் ஒட்டினாலும் அடுத்த ஹைட்ரஜனைப் பிடுங்கி வினையைப் பெருக்குவது கடினம், அதற்கு 100. டீசல் பக்கம் கணக்கு தலைகீழ், நேர்ச் சங்கிலி ஹெக்சாடெக்கேனுக்குத்தான் சீட்டேன் எண் (எவ்வளவு சட்டென்று மூளும் என்பதன் அளவு) 100, பிஎஸ்-6 (இந்தியப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலுக்குக் குறைந்தது 51 வேண்டும். இப்போது பங்க்கில் போடும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எத்தனால் ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கிறது, அதோடு வினையை முடுக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளையும் (radicals, துடிப்பான மூலக்கூறுத் துணுக்குகள்) விழுங்கிவிடுகிறது, மூட்சிக் காலம் நீள்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று. ஹெப்டேன் போன்றவற்றில் ஏறத்தாழ 700 முதல் 900 கெல்வினுக்குள் (அழுத்தத்தைப் பொறுத்து முன்பின் நகரும்) சூடு ஏற ஏற மூட்சிக் காலம் குறைவதற்குப் பதிலாகக் கூடும்! முதலில் மங்கலாக ஒரு குளிர்ந்த சுடர் (cool flame, முழுச் சுடரைவிடச் சூடு மிகக் குறைந்தது), அப்புறம் ஓர் இடைவெளி, அதன்பின்தான் முழுமூட்சி. எத்தனாலிடம் இந்தக் குணம் கிடையாது. குளிர்ந்த சுடருக்குத் 'தண்சுடர்' போதும் என்று நினைக்கிறேன். ஆனால் இந்தத் தலைகீழ் போக்குக்கு 'எதிர் வெப்பநிலைக் கெழு' என்று பாடநூல் பாணியில் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 'பின்வாங்கு பகுதி' என்று எழுதிப் பார்த்தேன், சண்டைக்களம் மாதிரி இருக்கிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.

ஆக்டேன், சீட்டேனை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம், தயவுசெய்து.