முண்ணாண் வைத்தும் நெஞ்சுத் தசை நாரில் மெது மயோசின் வரவில்லை

கேள்வி (உப்புவெளி):
13 நாள் கோழி முளையத்தின் நெஞ்சுத் தசை மயோபிளாஸ்ட் (இணைந்து தசை நாராகும் முன்னோடிக் கலம்). ஜெலட்டின் பூசிய தட்டு, குதிரை சீரம் 10%, முளையச் சாறு 5%. நார்கள் இணைந்த பிறகு 5 நாள் முளையத்தின் முண்ணாண் துண்டுகளை வைத்தேன். ஒரு வாரத்தில் நார்கள் துடிக்கின்றன. மயோசின் (தசையைச் சுருக்கும் புரதம்) வகையைக் காட்டும் பிறபொருளெதிரிகளில் எஃப்59 (வேக மயோசின்) பளிச்சென்று இருக்கிறது, எஸ்58 (மெது மயோசின்) ஒன்றுமே இல்லை. நரம்பு பிடிக்கவில்லையா?

பதில்:
துடிப்பை நம்பாதீர்கள். கோழி நார் நரம்பில்லாமலும் தானாகத் துடிக்கும். நரம்பின் சைகை தசையை எட்டாமல் தடுக்கும் டியூபோகியூராரின் விட்டுப் பாருங்கள், நரம்பால் வருவது மட்டும் அடங்கும்.
அதற்கு முன் இரண்டாம் பிறபொருளெதிரியின் (எஃப்59, எஸ்58ஐப் பிடித்து ஒளிர்வது) குப்பியை வாசியுங்கள். எஃப்59 ஐஜிஜி வகைப் பிறபொருளெதிரி, எஸ்58 ஐஜிஏ வகை. ஐஜிஜியின் காமாச் சங்கிலியை மட்டும் பிடிப்பதை வாங்கியிருந்தால் எஸ்58ஐத் தொடவே தொடாது. கோழி முதுகின் முன் லாட்டிசிமஸ் டோர்சி மெதுத் தசை. அதன் வெட்டும் ஒளிராவிட்டால் தட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கேட்டவர்:
காமா மட்டும்தான்! ஐஜிஏவுக்கானதை மாற்றியதும் லாட்டிசிமஸ் ஒளிர்கிறது. தட்டு இன்னும் இருட்டு. கியூராரினில் துடிப்பு நிற்கிறது.

பதில்:
அப்போ நரம்பு பிடித்திருக்கிறது, தட்டில் பிழையில்லை. 1997இல் டிமாரியோவும் ஸ்டொக்டேலும் காட்டியதைத்தான் பார்க்கிறீர்கள்: நெஞ்சுத் தசை மயோபிளாஸ்ட், நரம்பு வந்தாலும் மெது மயோசின் 2ஐ எழுப்பாது. தொடையின் உட்புற அடக்டர் தசையின் மயோபிளாஸ்ட் எழுப்பும், அதுவும் நரம்பு இருந்தால்தான். மயோபிளாஸ்டின் வம்சமும் (எந்தத் தசையிலிருந்து வந்தது) வேண்டும், நரம்பும் வேண்டும். ஆகவே நான்கு தட்டுகள்: நெஞ்சு, தொடை, ஒவ்வொன்றும் முண்ணாணோடும் இல்லாமலும்.
1960இல் புல்லரும் எக்கிள்ஸ்களும் பூனையில் நரம்பை மாற்றித் தைத்து மெதுத் தசையை வேகமாக்கியதை இதோடு குழப்பாதீர்கள். அது ஏற்கெனவே உருவான தசை.

இன்னொருவர்:
கச்சான் காற்று வீசும் மாதத்தில் முட்டையை மேசையில் வைத்தால் அடை வைக்குமுன்பே முளையம் வளரத் தொடங்கிவிடும். 15–18 பாகை செல்சியசில் வைத்து, ஒரு வாரத்துக்குள் 37.5இல் அடை வையுங்கள். நாளை எண்ணாமல் ஹாம்பர்கர்–ஹாமில்டன் நிலையை (தோற்றத்தை வைத்து முளைய வளர்ச்சியைக் கணிக்கும் அட்டவணை) பாருங்கள் (13 நாள் = நிலை 39). தசைக்கு அரை நாள் பெரிதில்லை, 5 நாள் முண்ணாணுக்கு நிறையவே பெரிது.