தடித்த கையுறையோடு ஃபிங்கர் ஸ்பூல் சிக்குகிறது, எதற்கு மாறலாம்?

ஸ்கூபா டைவில், நான் இருக்கும் இடத்தை நீர்ப்பரப்பில் காட்டும் எஸ்எம்பி மிதவையை மேலே அனுப்பும்போது, விரலில் மாட்டிக் கயிறு விடும் ஸ்பூல் (கயிற்று உருளை) பாதியில் சிக்கி நின்றுவிடுகிறது. கடைசி நான்கு டைவில் மூன்று முறை. போன தடவை நானே இரண்டு மீட்டர் மேலே இழுபட்டேன். சிக்கினால் உடனே விட்டுவிட வேண்டும் என்பது தெரியும். அந்த நொடியில் விரல் கேட்டால்தானே!

ஸ்பூல் பிளாஸ்டிக், 30 மீட்டர் கயிறு, ஸ்டீல் இரட்டைக் கொக்கி. வாங்கி எட்டு மாதம். வழக்கமாக 15 முதல் 18 மீட்டர் ஆழத்தில் மிதவையை விடுவேன். கையுறை 5 மில்லிமீட்டர். நீச்சல் குளத்தில் வெறும் கையால் பழகியபோது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. நடு ஓட்டை கையுறை விரலுக்கு இறுக்கம்தான். ஆனால் கயிறும் விளிம்பு வரை நிறைந்திருக்கிறது. கொஞ்சம் தளர்ந்தாலும் ஒரு சுற்று அடுத்ததற்குள் புதைந்துகொள்கிறது.

முழுக் கயிற்றையும் அவிழ்த்து, நனைத்து, இழுத்துப் பிடித்து மறுபடி சுற்றினேன். ஒரு டைவ் நன்றாகப் போனது, அப்புறம் பழைய கதை. மனசே இல்லாமல் 5 மீட்டர் வெட்டியும் பார்த்தேன். விளிம்பில் இடம் கிடைத்தது, சிக்கல் தீரவில்லை. கைப்பிடி வைத்த ரீலுக்கு மாறச் சொல்கிறார் டைவ் கூட்டாளி. அந்தப் பாரத்தைத் தொங்கவிட எனக்கு விருப்பமில்லை, தவிர ரீலும் சிக்கும்.

தடித்த கையுறையோடு இறங்குபவர்களே, ஓட்டை பெரிதாக உள்ள அலுமினிய ஸ்பூல் வாங்குவதா, இல்லை 45 மீட்டர் பிளாஸ்டிக் ஸ்பூலில் 30 மீட்டர் மட்டும் சுற்றிக்கொள்வதா?