சின்க்ளேரின் 190 கோல்: சின்ன அணிகளை அடித்துச் சேர்த்ததா, நிஜமாகவே பெரிய ஆட்டக்காரரா?

ஆஃப்சைடு_ஆறுமுகம்:
கால்பந்தில் ஆண், பெண் யாராக இருந்தாலும் நாட்டுக்காக அதிக கோல் அடித்தவர் கனடாவின் கிறிஸ்டின் சின்க்ளேர்தான், 190 கோல் என்று எங்கு பார்த்தாலும் போடுகிறார்கள். 2021ல் ரொனால்டோ ஆண்கள் சாதனையான, ஈரானின் அலி தாயியின் 109ஐத் தாண்டியபோது நம்ம ஊரில் பட்டாசு வெடிக்காததுதான் பாக்கி, அப்போதே சின்க்ளேர் கணக்கில் 180க்கு மேல் இருந்திருக்கிறது. சரி, ஆனால் ஒரு சந்தேகம். பழைய சாதனையான, அமெரிக்காவின் ஆபி வாம்பாக்கின் 184ஐ இவர் எட்டியதும் தாண்டியதும் ஒரே மேட்சில், 2020 ஜனவரியில், செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ் அணிக்கு எதிராக. ஸ்கோர் 11-0! இந்த மாதிரி மேட்சுகளைக் கழித்தால் என்ன மிஞ்சும்? உலகக் கோப்பையில் இவர் அடித்தது 10தான், பிரேசிலின் மார்த்தா 17. கிளப் ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசிக்கூடப் பார்த்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சண்டை இழுக்கக் கேட்கவில்லை.

வலதுவிங்:
கழிக்கலாம், ஆனால் எல்லாருக்கும் சேர்த்துக் கழிக்க வேண்டும். வாம்பாக், இன்னொரு அமெரிக்க வீராங்கனை மியா ஹாம் எல்லாரும் அதே வட அமெரிக்க, கரீபியன் மண்டலத்தில் ஆடியவர்கள்தான், அவர்கள் கணக்கிலும் இப்படிப்பட்ட மேட்சுகள் உண்டு.

பெரிய அணிகளுக்கு எதிராக என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் 2012 லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியைத் தேடிப் பாருங்கள். ஓல்ட் டிராஃபோர்டில் அமெரிக்காவுக்கு எதிராக ஹாட்ரிக். கனடா மூன்று முறை முன்னிலை எடுத்தது, மூன்று முறையும் இவர் கோலில்தான். 80வது நிமிடம் நெருங்கும்போது, கனடா கோல்கீப்பர் எரின் மெக்லியோட் பந்தை ஆறு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று நடுவர் இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கொடுத்தார் (அந்த விதியை அதற்கு முன் யாராவது விசில் ஊதி அமல்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா?), அந்த உதை தடுப்பில் நின்றவரின் கையில் பட்டு பெனால்டி ஆனது, வாம்பாக் அடித்து 3-3. கடைசியில் எக்ஸ்ட்ரா டைமும் முடிந்து காயத்துக்குச் சேர்த்த நேரத்தில் அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் தலையால் முட்டி 4-3. மேட்ச் முடிந்ததும் நடுவரைப் பற்றி சின்க்ளேர் பேசிய பேச்சுக்கு ஃபிஃபா 4 மேட்ச் தடை போட்டது. அந்த ஒலிம்பிக்கில் 6 கோல், அதிக கோல் அடித்தவர் அவர்தான். தோற்ற அணியில் இருந்துகொண்டு ஒரு மேட்சை இப்படித் தனதாக்கியவர்கள் ரொம்பக் குறைவு.

2011 உலகக் கோப்பையும் உண்டு. பெர்லினில் ஜெர்மனிக்கு எதிராக மூக்கு உடைந்தது, வெளியே போக மாட்டேன் என்று திரும்பி வந்து ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். ஜெர்மனி 2007 கோப்பையை ஒரு கோல்கூட வாங்காமல் ஜெயித்த அணி. 2003க்குப் பிறகு உலகக் கோப்பையில் அவர்கள் வாங்கிய முதல் கோல் அது.

பனியில்_ஒரு_பந்து:
டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். கிளப் பற்றிக் கேட்டீர்களே, 190க்கான பதிலில் பாதி அதில்தான் இருக்கிறது.

சின்க்ளேர் 16 வயதில், 2000ல் போர்ச்சுகலில் நடந்த அல்கார்வ் கோப்பையில் கனடாவுக்கு ஆட ஆரம்பித்தார். அமெரிக்காவின் போர்ட்லாந்து பல்கலைக்கழக அணிக்கு ஆடி 2002, 2005 இரண்டிலும் கல்லூரி அணிகளுக்கான சாம்பியன் பட்டம், 2005ல் மட்டும் 39 கோல். ஆனால் படிப்பை முடித்து வெளியே வந்தால் ஆடுவதற்கு லீக் இல்லை! அமெரிக்காவின் முதல் தொழில்முறைப் பெண்கள் லீக் 2003லேயே இழுத்து மூடப்பட்டிருந்தது. அடுத்தது 2009ல்தான் வந்தது. அதில் எஃப்சி கோல்டு பிரைட் அணியுடன் 2010ல் பட்டம் ஜெயித்தார், ஜெயித்த கையோடு அந்தக் கிளப் கலைந்தது. அடுத்த வருடம் வெஸ்டர்ன் நியூயார்க் ஃபிளாஷுடன் மறுபடி பட்டம், அப்புறம் லீக்கே காலி. 2013ல் மூன்றாவது லீக் தொடங்கி போர்ட்லாந்து தோர்ன்ஸில் சேர்ந்த பிறகுதான் ஒரே இடத்தில் உட்கார முடிந்தது, 2024ல் ஓய்வு பெறும்வரை அங்கேயே, மூன்று பட்டங்கள். 30 வயதை நெருங்கும்வரை நிலையான கிளப் கிடையாது என்றால் தேசிய அணிதான் அவர்களுக்குக் கிளப், வேலை, எல்லாமே. முகாம், நட்பு ஆட்டம், சின்னச் சின்னத் தொடர்கள் என்று வருடம் முழுக்க ஆடிக்கொண்டே இருந்தார்கள். 331 மேட்ச் எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆண்கள் கிளப்பில் அடித்துச் சேர்க்கும் கோல்களைப் பெண்கள் அந்தக் காலத்தில் நாட்டுக்காக அடித்தார்கள். அதனால் ரொனால்டோவோடு எண்ணை வைத்து ஒப்பிடுவதே எனக்குப் பிடிக்காது, இரண்டு பக்கத்துக்கும் அது நியாயமில்லை.

எக்ஸ்ட்ராடைம்:
புகழ்ச்சி எல்லாம் சரி, 2023 உலகக் கோப்பைக்கு 40 வயதில் அழைத்துப் போனது தப்புதான். நைஜீரியாவுக்கு எதிரான இவரது பெனால்டியை அவர்கள் கோல்கீப்பர் ந்னாடோசி தடுத்தார், மேட்ச் 0-0, கனடா குரூப்பிலேயே அவுட். பெயருக்காக ஆடவிட்டார்கள் என்பது என் கருத்து.

பனியில்_ஒரு_பந்து:
@எக்ஸ்ட்ராடைம் வேகம் குறைந்தது உண்மை. ஆனால் கடைசி வருடங்களில் அவர் முழு ஃபார்வர்டாக ஆடவில்லை, கொஞ்சம் பின்னால் இறங்கிப் பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுப்பதுதான் வேலை. டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக ஒரு கோல் பின்தங்கி இருந்தபோது பெனால்டியை வாங்கித் தந்தவர் அவர், அடித்தவர் ஜெஸ்ஸி ஃபிளெமிங். அப்புறம் ஷூட் அவுட்டில் தங்கம். அந்த 2023ஐயும் தனியாகப் பார்க்க முடியாது. உலகக் கோப்பைக்குச் சில மாதம் முன்பு சம்பளம், தயாரிப்புக்கான பணம் எல்லாவற்றிலும் கனடா கால்பந்துச் சங்கத்தோடு தகராறு, வீராங்கனைகள் வேலைநிறுத்தம்வரை போனார்கள், மார்ச்சில் சின்க்ளேர் நாடாளுமன்றக் குழு முன் போய் சாட்சி சொன்னார். அணி அந்த நிலையில்தான் விமானம் ஏறியது.

ஆஃப்சைடு_ஆறுமுகம்:
லீக் மூடிய கதை புதுசு, நன்றி. நான் இன்னும் மார்த்தாவைத்தான் மேலே வைப்பேன், பந்தோடு ஓடுகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்குப் பிடிக்கும். கனடாவில் சொந்த லீக் இப்போதாவது இருக்கிறதா?

வலதுவிங்:
2025 ஏப்ரலில்தான் வந்தது, நார்தர்ன் சூப்பர் லீக், ஆறு அணிகள். உருவாக்கியவர் டயானா மாத்தசன், 2012 ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் கோல் போட்டு வெண்கலம் வாங்கித் தந்தாரே, அவரேதான். வான்கூவர் ரைஸ் அணியின் உரிமையாளர்களில் சின்க்ளேரும் ஒருவர்.