அவசரம்: கம்பனி பதிஞ்சாச்சு, பேங்க்ல கணக்குத் திறக்க விடுறாங்க இல்ல

ஹட்டன்_கொப்பிக்கடை: வணக்கம். கஸ்டமர் ஒருத்தருக்கு ஒன்லைன்ல கம்பனி பதிஞ்சு குடுத்தேன். சர்டிபிகேட் வந்திருச்சு. இப்ப பேங்க்ல "உண்மையான சொந்தக்காரர் யாரு"ன்னு ஒரு ஃபோம் நிரப்பச் சொல்றாங்க. டிரெக்டர்மார் பேரைப் போட்டா திருப்பி அனுப்புறாங்க. என்னதான் எழுதணும்? நாளைக்குள்ள வேணும்.

மலைக்காற்று: டிரெக்டர் எத்தன பேரு? பங்கு யாரு பேர்ல? செகரட்டரி யாரு?

பண்டாரவளைப்_பையன்: அட்ரஸ் பிரச்சினைதான், எழுதித் தாறேன். லயத்து (தோட்டத்து லைன் வீடு) ஆளுங்கன்னா கரண்ட் பில்லு சொந்தப் பேர்ல இருக்காது. ஜிஎஸ் (கிராம சேவகர்) சர்டிபிகேட்ட வைங்க, முடிஞ்சுது.

கணக்கப்பிள்ளை72: தம்பிமாருக்கு அரிச்சுவடியே தெரியல. பதிவாளர் திணைக்களம் நீங்க குடுத்த பேரைப் பதியும். காசுக்குப் பின்னால யாருன்னு பேங்க் பார்க்கணும். கறுப்புப் பணத்தச் சரியாத் தடுக்காத நாடுகளோட சாம்பல் பட்டியல்ல நம்ம நாடு 2017ல விழுந்து 2019லதான் வெளிய வந்துச்சு. பிறகு சும்மா விடுவாங்களா?

ஹட்டன்_கொப்பிக்கடை: ஒரு கம்பனி இல்ல, மூணு. டிரெக்டர்மார் நம்ம தோட்டத்து டிவிசன் பொடியன்கள், பங்கும் அவங்க பேர்ல. செலவெல்லாம் கொழும்பு ஐயா ஒருத்தர். ஐடி கொப்பிக்கு ஆளுக்கு 5,000 குடுத்தாரு. அட்ரஸ் என் கடை. இதெல்லாம் முக்கியமா?

மலைக்காற்று: அண்ணே, இதத்தானே முதல்ல சொல்லணும்! நாளைக்கு அந்தக் கணக்குல கோடி வந்து போனா, பொலிஸ் தேடி வாறது கையெழுத்துப் போட்ட பொடியன்களத்தான்.

தேயிலைச்செடி: லயத்து ஆளு டிரெக்டர்னா உடனே கள்ளனா? 200 வருஷமா இங்க இருக்கோம், கடுதாசி இன்னும் தோட்ட ஆபீசுக்குத்தான் வருது. அதையும் சந்தேகம்னு எழுதுவீங்க.

கணக்கப்பிள்ளை72: யாரு லயத்தப் பத்திப் பேசுனா? அட்ரஸ் இல்லாததனாலதான் அந்த ஐயா இங்க வந்திருக்காரு.

தேயிலைச்செடி: பணக்காரங்க இருக்கிற கொழும்பு ஏழுலயும் பினாமி இருக்கான். அங்க போய்ச் சொல்லுங்க.

பண்டாரவளைப்_பையன்: சண்டைய விடுங்க. ஐயாவுக்கே போன் போட்டு, சந்தேகமா இருக்கு, ரிப்போட் பண்ணப் போறேன்னு மிரட்டுங்க.

கணக்கப்பிள்ளை72: ஐயோ, அதச் செஞ்சாத்தான் குற்றம். 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி, சந்தேகம் வந்தா 2 வேலை நாளுக்குள்ள மத்திய வங்கியில உள்ள நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கணும். சந்தேகப்பட்ட ஆளுகிட்ட மூச்சு விடக்கூடாது.

பண்டாரவளைப்_பையன்: அது பேங்குக்கு. கொப்பிக்கடைக்குமா? 😂

கணக்கப்பிள்ளை72: கம்பனி அமைச்சுக் குடுக்கிறதையும் அட்ரஸ் குடுக்கிறதையும் தொழிலாச் செஞ்சா, கொப்பிக்கடையும் அந்தச் சட்டத்துக்குள்ளதான். கடை போர்டுல என்ன எழுதியிருக்கு?

ஹட்டன்_கொப்பிக்கடை: "ஃபோட்டோக்கொப்பி, லெமினேட்டிங், கம்பனி ரெஜிஸ்ட்ரேஷன் செய்து தரப்படும்."

மலைக்காற்று: 🤦 அண்ணே, ஃபோம்ல எதையும் எழுதாதீங்க. பொடியன்களோட ஒரு லோயரப் பாருங்க, இன்னைக்கே.

தேயிலைச்செடி: அந்த 5,000த்த செலவழிச்சிருப்பானுக, பாவம்.

(மூணு நாளைக்குப் பிறகு)

ஹட்டன்_கொப்பிக்கடை: லோயரப் பார்த்தோம். விபரம் குடுத்தாச்சு, அதுக்கு மேல இங்க பேச வேணாம்னாரு. நன்றி. ஐடி கொப்பிய எரிச்சிரலாமா?

கணக்கப்பிள்ளை72: எரிக்கிறதா? 6 வருஷம் பத்திரமா வைங்க. அந்த போர்டையும் கழட்டுங்க.