புதுப்பிப்பு: ஃபியட்டில் ஆல்டர்னேட்டர் ஏறிவிட்டது

பெங்களூரு சில்க் போர்டு சிக்னலில் நின்றாலே ஹெட்லைட் மங்குகிறது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, இன்ஜின் மெதுவாக ஓடும்போதும் போதிய கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் போடலாமா என்று கேட்டிருந்தேனே, என் பழைய ஃபியட் 1100 கார் பற்றித்தான். போட்டாச்சு. ஜே.சி. ரோட்டில் கிடைத்தது, வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் வகை, அதனால் டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டிக்கு இனி வேலையில்லை. பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை இடத்திலேயே விட்டுவைத்தேன். பிராக்கெட்தான் பாடாய்ப் படுத்தியது. புல்லி கொஞ்சம் உள்வாங்கி நின்றதால் பெல்ட் கோணலாக ஓடியது, லேத்தில் ஸ்பேசர் கடைந்து வைத்த பிறகே நேரானது.

அப்புறம், டாஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் லைட் பல்பு எதற்கு என்று யாரும் கழற்றிவிடாதீர்கள், அதன் வழியாகப் போகிற சின்னக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டார் சுருளை முதலில் காந்தமாக்குகிறது. பேட்டரிக்குப் போகும் ஒயரையும் தடிமனாக மாற்றினேன், பழையது இந்தக் கரண்டுக்குத் தாங்காது. இப்போது ஐடிலிங்கில் ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடும்போதும் மல்டிமீட்டர் 13.8 வோல்ட் காட்டுகிறது. அல்சூர் மெக்கானிக் அண்ணன் டைனமோவை எடைக்குப் போடச் சொன்னார், மனசு வரவில்லை. புது பெல்ட் கொஞ்சம் தளரும், அடுத்த வாரம் மறுபடி இறுக்க வேண்டும்.